எழும்பி ஓடிய முதலை

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்த சாம்பல் நிறப் பொடியை எடுத்து முகர்ந்து பார்த்தார். மூன்று பொட்டலங்கள், ஒன்றைவிட ஒன்று நைசானவை. எலும்பு தேய்க்கிற பொடி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யாருடைய எலும்பு என்று கேட்டார். முதலையுடையது என்றதும் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக் கடிதத்தையும் வனஜீவராசிகள் அலுவலகத்தின் அனுமதியையும் இருவரும் மாறி மாறிப் படித்தார்கள். கடைசியில் மேலதிகாரி, எங்கள் நாட்டு முதலையா என்று மட்டும் கேட்டுவிட்டு, சிரித்தபடி பெட்டியை மூடிக் கொடுத்தார்.

என் பிழைப்பு அப்படி. திருச்சியில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் இருபத்திரண்டு வருடமாகக் கல்லையும் எலும்பையும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்துப் படிக்க முடிகிற அளவுக்கு மெல்லிசாக்க வேண்டும். சில வருடங்களாக என் மேசைக்கு வருகிறவை முதலைகளின் முன்னோர் எலும்புகள். இருபது கோடி வருடங்களுக்கு முந்தியவை. அவற்றில் பல, இன்றைய முதலை மாதிரி வயிற்றைத் தரையில் போட்டுக் கிடந்தவை அல்ல. கால்கள் உடம்புக்கு நேர் கீழே தூண் போல நின்றன. நாய் அளவில், மெல்லிய நீண்ட கால்களோடு தரையில் ஓடித் திரிந்தவையும் உண்டு. அந்த எலும்பை வெட்டிப் பார்த்தால் இரத்தக் குழாய்கள் ஓடிய துளைகள் நெருக்கமாகத் தெரியும். வேகமாக வளர்கிற உடம்பில்தான் அப்படி எலும்பு உண்டாகும். அந்த வேகத்துக்கு உள்ளே எந்நேரமும் ஓர் அடுப்பு எரிய வேண்டும். அதனால் அவை கோழியைப் போல, நம்மைப் போலச் சூடான உடம்புக்காரர்களாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வெட்டத்தான் தெரியும். தீர்ப்புச் சொல்வது மற்றவர்கள் வேலை.

செத்துக் கல்லானவற்றையே தேய்த்துத் தேய்த்து, உயிரோடு இருக்கும் காட்டு முதலை ஒன்றை நான் பார்த்ததே இல்லை. என் பேச்சொன்றை இணையத்தில் கேட்ட சுமையா டீச்சர் எழுதினார். இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் பெண் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிப்பவர். வறட்சியில் செத்த ஒரு குளத்து முதலையின் எலும்புக்கூடு தங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, நீங்கள் வந்து பிள்ளைகளுக்கு முன்னால் வெட்டிக் காட்டுவீர்களா என்று கேட்டிருந்தார். ஆறு நாள் விடுப்புப் போட்டேன்.

முதல் நாளே தவறான ஊரில் இறங்கினேன். அந்தக் கரையோரத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே இடைவெளி கிடையாது. கடை, பள்ளிவாசல், கோயில், கடை என்று தொடர்ந்துகொண்டே போகிறது. பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் ஊர் மாறியது தெரிகிறது. பஸ்ஸில் பெரியநீலாவணை தாண்டிக் கண் அசந்துவிட்டது. யாரோ "மருது" என்று சொன்ன மாதிரி காதில் விழவும் பெட்டியோடு குதித்துவிட்டேன். அது மருதமுனை. புடவைக்கடை வாசலில் நின்றவர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். இதுபோல மாதத்துக்கு இரண்டு பேராவது இறங்குகிறார்களாம். நாற்காலி போட்டு, இஞ்சி தட்டிய, பால் இல்லாத பிளேன்டீ கொடுத்து, அடுத்த பஸ் நடத்துநரிடம் என்னை ஒரு பார்சல் மாதிரி ஒப்படைத்தார். எங்கள் ஊரில் வழி சொல்வார்கள். நாற்காலி போடுவார்களா என்பது சந்தேகம்.

சுமையாவின் வீட்டில் நான்கு பேர். சுமையா, ஆட்டோ ஓட்டும் கணவர் நௌஷாத், சுமையாவின் உம்மா, வாப்பா ஆதம்பாவா. அந்தப் பக்கத்தில் கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். நௌஷாத் அதைச் சொல்லி, உங்கள் நாட்டில் நான் பிறந்திருந்தால் மாமியார் சமையல் கிடைத்திருக்காது என்றார். அந்தச் சமையலின் அருமை எனக்கும் அன்றைக்கே தெரிந்தது. புட்டு, எருமைத் தயிர், கருவாடு போட்ட கத்தரிக்காய்ப் பால்கறி. கறியை இறக்கியதும் உம்மா பாதியை ஒரு சட்டியில் ஊற்றி மூடி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிர்ச் சந்துக்கு எடுத்துப் போனார். அங்கே அவருடைய தம்பி வீடு என்றார் சுமையா. வாப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வாப்பாவுக்கு எழுபது வயது இருக்கும். ஒல்லியான மனிதர். என்னிடம் மழை, நெல், திருச்சியில் காவேரி வற்றுமா என்றெல்லாம் விசாரித்தார். சாப்பாடு முடியப் போகும்போது, தட்டைப் பார்த்தபடி ஒன்று கேட்டார்.

"புள்ள, முதலை எழும்பி ஓடுமா?"

ஓடும் என்றேன். வயிறு தரையில் படாமல் காலை நிமிர்த்தி நடக்கும், சில நேரம் ஓடவும் செய்யும், அதன் முன்னோர்கள் அப்படித்தான் நின்றார்கள் என்று நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். உம்மாவின் கை சம்பல் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. எழுந்து கை கழுவப் போன வாப்பா வெகுநேரம் கிணற்றடியிலேயே நின்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வேலை தொடங்கியது. எலும்புக்கூடு ஒரு கண்ணாடி அலமாரியில், யாரோ அன்போடு கம்பி கட்டி நிறுத்திய விதத்தில் இருந்தது. தொடையெலும்பின் நடுப்பகுதியை வெட்டத் தரை ஓடு பதிக்கிற ஒருவர் தன் சின்ன வெட்டு இயந்திரத்தோடு வந்தார். இதுவரை வெட்டியதில் இதுதான் விலையான ஓடு என்றார். பிறகு கண்ணாடித் தகட்டில் தண்ணீரும் பொடியும் போட்டு, எட்டு வரைகிற மாதிரி தேய்க்க வேண்டும். வெள்ளைச் சீருடை முழங்கை வரை சாம்பலாக, பிள்ளைகள் முறைபோட்டுத் தேய்த்தார்கள்.

ஒரு பிள்ளை என்னை மடக்கியது.

"நாலு அறை இதயம் இரிக்கெண்டா, ஏன் மிஸ் அது வெயில்ல கிடந்துதான் சூடாகணும்?"

நல்ல கேள்வி என்று சொல்லி நேரம் வாங்கினேன். பல்லிக்கும் பாம்புக்கும் இதயத்தில் மூன்று அறை. நம்மைப் போல, பறவையைப் போல முதலைக்கு மட்டும் நான்கு. சும்மா படுத்துக் கிடக்கிற பிராணிக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு? ஓடித் திரிந்த முன்னோரிடமிருந்து வந்த சொத்தாக இருக்கலாம். தண்ணீருக்குள் பதுங்கி இரை பிடிக்கத் தொடங்கிய பிறகு ஓடத் தேவையில்லை; உள்ளே அடுப்பு எரியவும் தேவையில்லை. அடுப்பை அணைத்துவிட்டதால் கொஞ்சம் தின்று நிறைய நாள் இருக்க முடிகிறது. ஓடியவை எல்லாம் அழிந்தன. படுத்துக்கிடக்கப் பழகியவற்றின் வம்சம் இன்றைக்கும் இருக்கிறது. பிள்ளை யோசித்துவிட்டு, அப்படியென்றால் சோம்பலும் ஒரு கெட்டித்தனம்தான் என்றாள். சுமையா அவளை முறைத்தார்.

பிள்ளைகள் போன பிறகும் நாங்கள் இருவரும் தேய்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சுமையா சொன்னார்.

பதினொரு வருடங்களுக்கு முன்பு, கடுமையான வறட்சி. வாப்பாவும் உம்மாவின் தம்பி உதுமாலெப்பையும் சாகாமத்துக் குளத்துப் பக்கம் கூட்டாக வயல் செய்தார்கள். இருவரும் மச்சான்மார் என்பதைவிடச் சேக்காளிகள். ஒரு நாள் விடிய, மாமா வாய்க்காலில் தேங்கியிருந்த தண்ணீரில் குந்தி முகம் கழுவிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த முதலை அவர் காலைக் கவ்வியது. வாப்பா கத்திவிட்டு ஓடிவிட்டார். பக்கத்து வயல்காரர்கள் வந்து மண்வெட்டியால் அடித்து மாமாவை மீட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் வாப்பா எல்லோரிடமும் சொன்னார்: அது நாய் மாதிரி எழும்பி ஓடி வந்தது, அது கவ்வுமுன் கூப்பிடக்கூட நேரம் இருக்கவில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள். முதலை ஊர்ந்துதானே வரும்? ஊர்ந்து வருவதைக் கண்டவன் ஓடி வந்து மச்சானைத் தூக்கியிருக்கலாமே? மாமா முதுகு காட்டி இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியாது. தன்னை விட்டுவிட்டு ஓடியதை மறைக்க வாப்பா கதை கட்டுகிறார் என்றே அவர் எடுத்துக்கொண்டார். தேநீர்க்கடையில் வாப்பாவுக்கு "ஓட்ட முதலை" என்று பெயர் வைத்தார்கள். வாப்பா கடைக்குப் போவதை விட்டார், வயலை விட்டார், பிறகு அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டார்.

இப்போது மாமா ஹஜ்ஜுக்குப் போகிறார். போகிறவர்கள் ஊரில் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மாமா எல்லா வீட்டுக்கும் போய்விட்டார். இந்த வீட்டு வாசற்படலையில் நின்று உம்மாவோடு கதைத்தார், உள்ளே வரவில்லை. இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது.

எலும்புக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன், ஆனால் பாதி இதற்காகவும்தான் என்று சொல்லிவிட்டுச் சுமையா தலையைக் குனிந்துகொண்டார். கோபப்பட வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. தன் தகப்பன் பொய் சொல்லவில்லை என்று யாராவது படித்தவர் வந்து சொல்லமாட்டாரா என்று பதினொரு வருடம் காத்திருந்த பெண். நான் அவரிடமிருந்து கண்ணாடித் தகட்டை வாங்கி மீதியைத் தேய்த்தேன்.

மூன்றாம் நாள் நுண்நோக்கியில் எலும்பு தெரிந்தது. மரத்தை வெட்டினால் தெரிகிற மாதிரி வளையங்கள். ஒவ்வொரு வருடமும் வறண்ட காலத்தில் வளர்ச்சி நின்று ஒரு கோடு விழுந்திருந்தது. பதினேழு எண்ணினோம். நடுவில், அது குட்டியாக இருந்த காலத்து எலும்பில், இரத்தக் குழாய்த் துளைகள் நெருங்கிக் கிடந்தன. குட்டியில் கொஞ்சம் அவசரமாக வளர்ந்திருக்கிறது, முன்னோரை நினைத்துக்கொண்ட மாதிரி. பிள்ளைகள் வரிசையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள். எனக்கு அந்த முதலையின் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

நான்காம் நாள் சாகாமம் புறப்பட்டோம். உயிரோடு முதலை பார்ப்பதுதான் திட்டம். நௌஷாத் ஆட்டோவை எடுத்தபோது, வெள்ளைச் சட்டை போட்டு, சாரம் கட்டி வாப்பா வந்து ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. உம்மா படலையைப் பிடித்தபடி நின்றார்.

திருக்கோவில் என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்றில்லை. நௌஷாத் டயரைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஆட்டோவில் போக, நாங்கள் வீதியோரக் கடையொன்றில் பருப்பு வடையும் தேநீருமாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா என் பேச்சைக் கேட்டு, இந்தியாவா, சீரியலில் பேசுகிற மாதிரியே பேசுகிறீர்கள் என்றார். முதலை பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பரிதாபப்பட்டு இரண்டு வடை சேர்த்து வைத்தார். வாப்பா வடையைத் தொடவில்லை.

வயல்கள் பச்சையாக இருந்தன. குளம் பாதி நிறைந்து, கரையில் ஈரச்சேறு அகலமாகத் தெரிந்தது. எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. குளத்தில் மீன் பிடிக்கும் தங்கராசா என்பவரை நௌஷாத் முன்பே பேசி வைத்திருந்தார். அவர் குளக்கட்டு வழியாகக் கூட்டிப்போய், தூரத்து மண்திட்டைக் காட்டினார். காய்ந்த மரத்தடிகள் என்று நான் நினைத்தவை மூன்று முதலைகள். ஒன்று வாயைத் திறந்தபடி வெயிலில் கிடந்தது. இருபத்திரண்டு வருடமாக நான் தேய்த்த எலும்புகளுக்கு மேலே தோலும் கண்ணும் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுவில் கிடந்தது, ஐந்தடி இருக்கும், மெல்ல எழுந்தது. அதைவிட வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. நான்கு காலையும் ஊன்றி, வயிற்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, வால் நுனி மட்டும் சேற்றில் இழுபட, நாலைந்து அடி நடந்து காய்ந்த தரைக்குப் போய்ப் படுத்தது. சுமையா அலைபேசியை உயர்த்திப் பிடித்தார். அந்த நேரம் பற்றைப் புதருக்குப் பின்னாலிருந்து உழவு இயந்திரம் ஒன்று திடீரென்று உறுமிக்கொண்டு வெளியே வந்தது. முதலை பாய்ந்தது. முன்னங்கால் இரண்டும் சேர்ந்து, பின்னங்கால் இரண்டும் சேர்ந்து, அணில் ஓடுவது போல நான்கைந்து துள்ளல். உடம்பு தரையில் படவே இல்லை. மூச்சு விடுவதற்குள் தண்ணீர் மூடிக்கொண்டது.

நௌஷாத் தன்னையறியாமல் மாமனாரின் தோளைப் பிடித்தார். வாப்பா அப்படியே குளக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கராசா எந்த ஆச்சரியமும் இல்லாமல் சொன்னார்: "ஓடும் டீச்சர். எத்தின தரம் கண்டிரிக்கன். ஆரும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல."

சுமையா அழுதுகொண்டே சிரித்தார். படம் பிடித்தாயிற்று, இன்றைக்கே மாமாவுக்குக் காட்டலாம் என்றார். வாப்பா மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னத்துக்கு மகள் ஓடின?" என்று என்னைக் கேட்டார்.

பயத்தில் என்றேன். தரையில் அது நெடுநேரம் ஓடாது, உடம்பில் அதற்கான சூடு இல்லை. யாரையும் துரத்த ஓடுவது அபூர்வம். பயந்தால் கிட்டே இருக்கிற தண்ணீருக்கு ஓடும், நடுவில் யார் நின்றாலும். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

அவர் மெதுவாகச் சொன்னார். "அண்டைக்குப் பத்தைக்குள்ளருந்து வெளிய வந்தது நான். வாய்க்கால்ல மச்சான். நடுவுல அது. நான்தான் அத வெரட்டியிரிக்கன்."

அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. பொய்க்காரன் என்ற பெயரிலிருந்து விடுபட வந்தவருக்கு வேறொரு பாரத்தை என் வாயால் ஏற்றிவிட்டேன் என்று வழியெல்லாம் குமைந்தேன். இறங்கும்போது அவர் மகளிடம், அந்தப் படத்தை யாருக்கும் காட்டாதே என்றார்.

ஐந்தாம் நாள் மாலை, வெளிநாட்டு விருந்தாளியைச் சாப்பிட வரச்சொல்லி மாமா வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. சுமையாவும் நானும் உம்மாவும் போனோம். உதுமாலெப்பை மாமா பெரிய உடம்பு, பெரிய குரல். செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, மக்காவில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். மாமி வட்டிலப்பம் என்ற இனிப்பை என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். அப்போது வாசலில் ஸலாம் சொல்லும் குரல் கேட்டது.

வாப்பா உள்ளே வந்தார். பதினொரு வருடம் கழித்து. உட்காரவில்லை. நின்றபடியே, எழுதி மனப்பாடம் செய்த மாதிரி சொன்னார். முதலையை நான்தான் கலைத்திருக்கிறேன், தெரியாமல் செய்தது, ஆனால் உன் பக்கம் ஓட வைத்தது நான்தான், நேற்றுத்தான் எனக்கே விளங்கியது.

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீ ஓடல்லையா?"

"ஓடின. பயந்துதான் ஓடின. அதுவும் உண்மைதான்."

சுமையா அலைபேசியை எடுத்தார். மாமா கையால் வேண்டாம் என்று காட்டினார். இயந்திரத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"ஒன்ட பயத்த நான் எப்பவோ மன்னிச்சிட்டன் மச்சான். பொய்யத்தான் மன்னிக்க ஏலாம இருந்த. இப்ப ஒருக்காச் சொல்லு. முழுசாச் சொல்லு. அண்டைக்கு நான் கேக்கவேயில்ல."

வாப்பா சொல்லத் தொடங்கினார். பற்றை எங்கே இருந்தது, வெளிச்சம் எவ்வளவு வந்திருந்தது, அது எப்படித் தலையைத் தூக்கியது என்று. வார்த்தை போதவில்லை போலும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த எழுபது வயது மனிதர் சிமெந்துத் தரையில் இரண்டு கையையும் ஊன்றினார். பிறகு முழங்கால்களையும் தரையிலிருந்து உயர்த்தினார். முதுகு வளையாமல், வயிறு தரைக்கு மேலே நிற்க, தலையை நிமிர்த்தி மாமாவைப் பார்த்தார். மாமி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடினார். உம்மா அழுதார்.

மாமா சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்தார். இரண்டு தத்தலில் கிட்டே வந்து, குனிந்து, மச்சானின் புஜத்தைப் பிடித்தார்.

"எழும்பு மச்சான்," என்றார். "நம்பிட்டன்."